ஒரு வருடத் திட்டம் வேண்டாம், இரண்டு வாரம் போதும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் எக்ஸெல்லில் வீட்டு வரவு செலவு எழுதுவதோடு நின்று விடுகிறார்கள். அதே எக்ஸெல்லில் நம் எதிர்காலத்தையும் திட்டமிடலாம். சாஃப்ட்வேர் துறையில் நாங்கள் தினமும் கையாளும் முறைதான் அது.

முன்பெல்லாம் சாஃப்ட்வேரை முழுவதும் திட்டமிட்டு, முழுவதும் எழுதி, கடைசியில்தான் சோதிப்பார்கள். ஆரம்பத்தில் நேர்ந்த தவறு கடைசியில்தான் தெரியும். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 வல்லுநர்கள் கூடி 'அஜைல்' கொள்கைகளை வகுத்தார்கள். வேலையைச் சிறு துண்டாக்கு. ஒன்றை முடித்துப் பார். அதில் கற்றதை வைத்து அடுத்ததைத் திட்டமிடு. அஜைலின் சுருக்கம் இவ்வளவுதான். ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரம்.

எங்கள் ஓசூர்த் தொழிலாளர்களுக்கு இது புதிதல்ல. 'திட்டமிடு, செய், சரிபார், திருத்து' என்று டெமிங் பரப்பிய சுற்றும் இதே கருத்துதான். இங்கே தொழிற்சாலை நடத்தும் டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் 2002-ல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது.

ஓர் உதாரணம்

என் சித்தப்பா மகன் சிப்காட் பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளி. வாரம் ஒரு ஷிஃப்ட். வேலை எத்தனை நாள் நிலைக்கும் என்று தெரியாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்காக ஒரு வருட அட்டவணை போட்டான். இரவு ஷிஃப்ட் வந்ததும் அது குலைந்தது. "நமக்குப் படிப்பு வராதுண்ணா" என்று விட்டுவிட இருந்தான். இருவரும் உட்கார்ந்து இப்படிச் செய்தோம்.

செய்முறை

1. புதிய ஒர்க்ஷீட்டில் நான்கு தலைப்புகள் கொடுங்கள்: வேலை, நேரம், முடிந்ததற்கு அடையாளம், நிலை.

2. 'கணக்குப் படிக்க வேண்டும்' என்று எழுதாதீர்கள். 'சதவீதத்தில் 20 கணக்கு போட்டு 16 சரியாக வர வேண்டும்' என்று எழுதுங்கள். சாஃப்ட்வேரில் டெஸ்டிங் என்பது இதுதான்.

3. முக்கியமானதை மேலே வையுங்கள். குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ் என்பதால் அதையே முதலில் வைத்தோம். இரண்டு வாரத்துக்கு மேற்பட்டவற்றை அடியில் 'பிறகு' என்று ஒதுக்குங்கள்.

4. இரண்டாவது ஞாயிறு, கீழே உள்ள ஷீட் பெயரில் ரைட் கிளிக் செய்து 'மூவ் ஆர் காப்பி' தேர்ந்தெடுங்கள். 'கிரியேட் எ காப்பி' கட்டத்தை டிக் செய்து ஓகே கொடுங்கள். முடிந்தவற்றைப் புதிய ஷீட்டில் மட்டும் நீக்குங்கள். பழையது அப்படியே இருக்கட்டும்.

முதல் சுற்றில் 12 வேலைகளில் 7 முடிந்தன. நின்றுபோன ஐந்தும் இரவு ஷிஃப்ட் வாரத்தில் வைத்தவை. அதாவது, குறை அவனிடம் இல்லை; அட்டவணையில் இருந்தது. அடுத்த சுற்றில் அந்த வாரத்துக்கு இரண்டே வேலை வைத்தோம். மொத்தம் 8, எட்டும் முடிந்தன. தேர்வு இனிமேல்தான். ஆனால் படிப்பை அவன் விடவில்லை.

ஒரு எச்சரிக்கை. வாழ்க்கையில் அன்டூ பட்டன் கிடையாது. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அந்தச் சுற்றைத் தயங்காமல் நிறுத்துங்கள். ஷீட் காத்திருக்கும். கடனை அடைப்பது, புதிய தொழில் கற்பது என எதற்கும் இம்முறை பொருந்தும். முதல் சுற்றுக்கு ஐந்து வேலைகள் போதும். முயன்று பாருங்களேன்!