எத்தனை பேர் அல்ல, எத்தனை இரவு

அன்புள்ள யாழினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுற்றுலாப் படிப்பில் சேர்ந்த முதல் பருவத்திலேயே நல்ல கேள்வியாகப் பிடித்துவிட்டாய். 2022-இல் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்பியது. அடுத்த ஆண்டு இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போய் வந்தது. நாளைக்கு நம் கடலூர்ப் பக்கமும் இப்படி ஒரு கப்பல் வந்தால் ஊருக்கு நல்லதா, இல்லை, பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் ஆளேற்றிக் காட்டுவதைப் போன்ற சிறிய சுற்றுலாவே போதுமா என்று கேட்டிருக்கிறாய்.

பொத்தாம்பொதுவாகப் பதில் சொன்னால் அது உபதேசமாகிவிடும். இந்த இரண்டையும் ஒரே கரையில் வைத்து வாழ்ந்து பார்த்த ஒரு நாட்டின் கதையைச் சொல்கிறேன். அத்தை வங்கியில் பேரேடு பார்த்தவள் என்பதால் கொஞ்சம் வரவு செலவும் கலந்தே வரும், பொறுத்துக்கொள்.

மத்திய அமெரிக்காவில், மெக்சிகோவுக்குத் தெற்கே கரீபியன் கடலோரத்தில் இருக்கிறது பெலிஸ். பரப்பளவில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மக்கள்தொகை நான்கு லட்சம்தான். 1981 வரை பிரிட்டனின் பிடியில் இருந்த நாடு. அதன் பெருஞ்சொத்து, கரைக்கு இணையாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் பவளத்திட்டு. 1996-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அலையாத்திக் காடுகளை வெட்டியதும் கரையோர நிலங்களை விற்றதும் அளவு மீறிப் போக, 2009-இல் ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. கடலில் எண்ணெய் தோண்டுவதைத் தடுத்துச் சட்டம் வந்த பிறகு, 2018-இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து அது நீங்கியது.

இந்த நாட்டின் தெற்கே, நாக்கு நீட்டியதுபோல் கடலுக்கும் காயலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டின் நுனியில் பிளசென்சியா என்ற மீனவக் கிராமம் உண்டு. இறாலும் சங்கும் மீனும் பிடித்து வாழ்ந்த ஊர். பிடிபாடு குறையக் குறைய, வருகிறவர்களைத் தங்கள் படகிலேயே ஏற்றிக் கடலைக் காட்டத் தொடங்கினார்கள். அங்கே வழிகாட்டியாக வேலை செய்ய அரசு உரிமம் வேண்டும். அதற்குப் பயிற்சியும் உண்டு. மார்ச்சிலிருந்து ஜூன் வரை பௌர்ணமியை ஒட்டி, கிளாடன் ஸ்பிட் என்ற இடத்தில் சங்கரா இன மீன்கள் கூட்டங்கூட்டமாக முட்டையிட வரும். அந்த முட்டைகளைத் தின்னத் திமிங்கலச் சுறாக்கள் வரும். எந்த நிலவில், எந்த நீரோட்டத்தில் மீன் கூடும் என்பது மீனவனுக்குப் பரம்பரையாகத் தெரிந்த விஷயம். அந்த மீனைப் பிடித்து விற்றால் ஒரு தடவைதான் காசு. காட்டினால் ஆண்டுதோறும் காசு. 2000-இல் அந்த இடம் கடல்சார் காப்பகமானது. பக்கத்திலுள்ள லாஃபிங் பேர்ட் தீவு 1991-இலேயே தேசியப் பூங்காவாகிவிட்டது. அங்கே 2006 முதல், சிதைந்த பவளத்திட்டில் மான்கொம்புப் பவளத் துண்டுகளை நட்டு வளர்க்கிறார்கள். அந்த வேலையில் உள்ளூர் மீனவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் பங்கு உண்டு.

இப்போது கப்பலுக்கு வருவோம். தலைநகராக இருந்த பெலிஸ் சிட்டிதான் வெகுகாலமாகக் கப்பல் வரும் இடம். அங்கே கடல் ஆழமில்லை. கப்பல் பல மைல் தள்ளி நங்கூரமிடும். உள்ளூர்ப் படகுகள் பயணிகளைக் கரை சேர்க்கும். 2018-இல் கப்பலில் வந்து போனவர்கள் சுமார் 12 லட்சம் பேர். இரவு தங்கிய பயணிகள் ஐந்து லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கப்பல்தான் ஜெயிக்கிறது. ஆனால் நாட்டின் சுற்றுலா வருமானத்தில் பெரும்பங்கைக் கொண்டுவந்தவர்கள் தங்கிப் போனவர்களே.

ஏன் என்பதைப் பேரேட்டில் பார். தங்க வருகிறவர் அறை வாடகை தருகிறார், மூன்று வேளை சாப்பிடுகிறார், படகு பிடிக்கிறார், மாலையில் கடைத்தெருவில் நடக்கிறார். கப்பல் பயணிக்குப் படுக்கையும் சாப்பாடும் கப்பலிலேயே, கட்டணமும் முன்கூட்டியே கட்டியாயிற்று. கரையில் அவர் இருப்பது சில மணி நேரம். அந்தச் சில மணி நேரச் சுற்றுலாவையும் பெரும்பாலும் கப்பலிலேயே விற்றுவிடுவார்கள். கப்பல் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உள்ளூர் ஏற்பாட்டாளரிடம் கொடுக்கும். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்து, நம் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டு, நம் கிணற்றில் கைகழுவிப் போகும் விருந்தாளியைப் போன்றது இது.

கழிவுக் கணக்கும் உண்டு. கப்பல் மாசுக்கான சர்வதேச ஒப்பந்தம், சுத்திகரிக்காத கழிவுநீரைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் கொட்ட அனுமதிக்கிறது. பெலிஸோ பவளத்திட்டு கரையை விட்டு எட்டிக் கிடக்கும் நாடு. கரையிலிருந்து அளந்தால் போதும் என்ற விதி அங்கே எவ்வளவு காப்பாற்றும் என்று நீயே வரைபடத்தை வைத்துப் பார்.

2011-இல் தயாரான சுற்றுலாப் பெருந்திட்டம் இதையெல்லாம் யோசித்துத்தான், தெற்குப் பகுதிக்குப் பெருங்கப்பல் வேண்டாம், தங்கும் பயணிகளே அதற்கு ஏற்றவர்கள் என்று வகுத்தது. ஆனாலும் 2013-இல் நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம் பிளசென்சியாவுக்குத் தெற்கே உள்ள ஹார்வெஸ்ட் தீவை வாங்கியது; அரசும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கிராமத்தில் எதிர்ப்பு எழுந்தது. இருந்தும் 2016 நவம்பரில் 75 ஏக்கர் தீவு திறக்கப்பட்டது. கப்பல் நேராக வந்து அணையும் துறை, நீச்சல் குளம், கடைகள், உணவகம், மணற்கரை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. பெலிஸ் சிட்டியில் கரைசேர்க்கும் படகுக்காரருக்காவது கூலி கிடைத்தது. இங்கே அந்தப் படகுக்கும் அவசியமில்லை. தீவில் பெலிஸ் மக்கள் பலர் வேலை செய்கிறார்கள், கைவினைப் பொருள் விற்கிறார்கள், சிலர் பயணிகளைக் கரைக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் கப்பல் எந்த நாள் வரும், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதை முடிவு செய்வது கிராமம் அல்ல. கப்பலுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த நாட்டுத் துறைமுகத்துக்குத் திரும்பிவிடலாம். கிராமத்தால் நகர முடியாது.

சிறியதெல்லாம் புனிதம் என்று எழுதிவிடாதே. பிளசென்சியாவில் நிலத்தின் விலை ஏறியதற்கும், கடலைப் பார்த்த மனைகள் வெளிநாட்டார் கைக்குப் போனதற்கும், மணல் தெரியவேண்டும் என்று அலையாத்தியை வெட்டியதற்கும் கப்பல் மட்டும் காரணமல்ல. சின்னச் சின்ன விடுதிகளும்தான். இன்னும் தெற்கே, டொலீடோ மாவட்டத்தில் மாயா இன மக்கள் 1990-களிலேயே அருமையான ஒரு முறை கண்டார்கள். கிராமத்துக்கு ஒரு விருந்தினர் குடில். காலை உணவு ஒரு வீட்டில், மதியம் அடுத்த வீட்டில், இரவு வேறொரு வீட்டில். விருந்தினரை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். ஒரே குடும்பம் பணக்காரராகி மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் நிலை வராது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் சாலையும் விளம்பரமும் இல்லாத இடத்துக்கு வருவோர் குறைவு. நியாயம் மட்டும் அடுப்பை எரியவைக்காது. சிறிய சுற்றுலாவுக்கும் சாலை, பயிற்சி, கடன், முன்பதிவு எல்லாம் அரசு செய்துதர வேண்டும். கப்பல் துறைக்கு ஓடி ஓடிச் செய்கிற அரசுகள் இதற்குச் சோம்பல்படுகின்றன.

பெருந்தொற்று இரண்டையும் சோதித்தது. 2020 மார்ச்சில் எல்லாமே நின்றன. அந்த ஆண்டு அக்டோபரில் விமான நிலையம் திறந்து, தங்கும் பயணிகள் வரத் தொடங்கினார்கள். கப்பல் திரும்பியது 2021 ஜூலையில்தான். ஒன்பது மாத இடைவெளி. அவ்வளவு நாளும் கப்பலை மட்டுமே நம்பியிருந்த வழிகாட்டியின் வீட்டை நினைத்துப் பார்.

ஆகவே என் தீர்ப்பு இது: பெரிய துறைமுகம், பெரிய நகரம், கழிவை வாங்கிக்கொள்ள வசதி எல்லாம் இருக்கும் இடத்துக்குக் கப்பல் வரட்டும், அரசு வரியைக் கறாராக வாங்கட்டும். பவளமும் அலையாத்தியும் மீன்பாடும்தான் சொத்து என்று இருக்கும் சிறிய கரைக்குத் தங்கிப் போகிறவர்களே உகந்தவர்கள். அங்கே கப்பலை விடுவது, முதலை விற்று வட்டி தேடுவது.

நாளை யாராவது உன் ஊர் மேடையில் ஏறி, இத்தனை லட்சம் பேர் வரப்போகிறார்கள் என்று அறிவித்தால் கைதட்டுவதற்கு முன் எழுந்து கேள். எத்தனை இரவு தங்குவார்கள்? சுற்றுலாச் சீட்டை விற்பது யார்? அவர்கள் இறங்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது? கழிவு எங்கே போகிறது? அடுத்த ஆண்டு அவர்கள் வராவிட்டால் ஊர் எதைச் சாப்பிடும்? எழுத்தில் பதில் வாங்கு. அதற்குத் துணிகிற பிள்ளைகளை உருவாக்குவதற்குத்தான் உன் படிப்பு.

அன்புடன்,
அத்தை