உட்டணேயிலிருந்து சவர்க்காரக் கட்டி வரை

தீபாவளியையொட்டிய நரக சதுர்த்தசியன்று, புணே நகரத்து வீடுகளில் விடியுமுன் எண்ணெய் முழுக்கு நடைபெறும். உடம்பில் தேய்த்த எண்ணெயைப் போக்கும் நறுமணப் பொடிக்கு மராத்தியில் உட்டணே என்று பெயர். சந்தனம், கோரைக்கிழங்கு, வெட்டிவேர், கிச்சிலிக்கிழங்கு, மஞ்சள் முதலியன அதிற் சேரும். கடலைமாவு கலப்பதும் உண்டு. தமிழ்நாட்டு நலங்குமாவை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

உட்டணே சவர்க்காரம் அன்று. மாவும் தூளும் எண்ணெயை உறிஞ்சி எடுத்துச் செல்கின்றனவேயன்றி, அதனைச் சவர்க்காரமாக மாற்றுவதில்லை. சீயக்காயும், மராத்தியர் ரீட்டா எனக் கூறும் பூந்திக்கொட்டையும் வேறு வகையின. அவற்றிலுள்ள சப்போனின் நீரில் நுரைத்து, எண்ணெயை நுண்துளிகளாக்கி நீரோடு செல்லச் செய்கிறது.

சவர்க்காரமோ, கொழுப்பும் காரமும் வினைபுரிவதால் உண்டாவது. எண்ணெயுடன் காஸ்டிக் சோடா சேருங்கால் கொழுப்பு அமிலங்களின் சோடிய உப்பும் கிளிசரினும் தோன்றுகின்றன, அவ்வுப்பே சவர்க்காரம். இக்காரத்தை உவர்மண்ணிலிருந்தும் பெறலாம். மண்ணிலுள்ள சோடியம் கார்பொனேட்டை நீரிற் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால், கால்சியம் கார்பொனேட் அடியிற் படிய, மேலே காஸ்டிக் சோடாக் கரைசல் நிற்கும். மண்ணுக்கு மண் அதன் வலிமை மாறுமாதலால் சரக்கின் தரமும் மாறும். காரம் மிகுந்தால் தோல் எரியும். குறைந்தால் கட்டி பிசுபிசுக்கும். உப்புநீரை மின்பகுத்துப் பெறும் காஸ்டிக் சோடா கிடைத்த பின்னர் இவ்விடர் பெரிதும் நீங்கியது.

கொழுப்பின் வரலாறு இத்துணை எளிதன்று. மேனாட்டுக் கட்டிகளில் விலங்குக் கொழுப்பு கலந்திருந்தமையால், சமயக் காரணம் பற்றி இந்நாட்டிற் பலர் அவற்றை ஏற்கவில்லை. பம்பாயில் கோத்ரெஜ் நிறுவனம் 1918-இல் தாவர எண்ணெயினாலான ‘சாவி’ சவர்க்காரத்தை வெளியிட்டது. உண்ணும் எண்ணெயைச் சவர்க்காரத்திற்குச் செலவிடலாமா என்னும் வினா பின்னர் எழுந்தது. 1957-இல் அமைக்கப்பெற்ற கதர் கிராமத் தொழில் ஆணையம், வேம்பு, புங்கம், இலுப்பை போன்ற உண்ணா எண்ணெய்களிலிருந்து சவர்க்காரம் செய்வதைக் கிராமத் தொழிலாகவே வளர்த்தது. தேங்காயெண்ணெய் விரைந்து நுரைக்கும். வேப்பெண்ணெயின் நாற்றமோ எளிதிற் போகாது. ஆகவே எண்ணெய்களைக் கலந்து காய்ச்சுவதே வழக்கம். இன்று ஆலைகளின் முதன்மைக் கொழுப்பு பனைமர இனத்ததாகிய பாமாயில் ஆகும்.

புணேயின் தீபாவளி முழுக்கிலும் பின்னாளில் கட்டி இடம்பெற்றது. டாட்டா எண்ணெய் ஆலையின் ‘மோத்தி’ உட்டணேக்குத் துணையாயிற்று. முழுக்கிலிருந்து பொடி மறைந்துவிடவில்லை.

வாங்குவோர் மணத்தைக் காட்டிலும் மொத்தக் கொழுப்புப் பொருளின் விழுக்காட்டை நோக்குதல் நன்று. இந்தியத் தர நிர்ணயப்படி குளியல் சவர்க்காரத்தின் முதல் தரத்தில் அது 76-க்கும், இரண்டாவதில் 70-க்கும், மூன்றாவதில் 60-க்கும் குறையலாகாது. ‘குளியல் கட்டி’ என விற்பனவற்றுக்கு 40 போதும். விலை மலிவின் காரணம் பெரும்பாலும் இதுவே.

வகுப்பில் ஒரு சோதனை செய்யலாம். மழைநீரையும் கடினமான கிணற்று நீரையும் இரு குழாய்களில் எடுத்து, சமஅளவு சவர்க்காரக் கரைசல் விட்டுக் குலுக்குக. கிணற்று நீரில் நுரை குறைந்து வெண்திரை படியும். கால்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தைக் கரையா உப்பாக்கிவிடுதலே காரணம். அதே கிணற்று நீரில் பூந்திக்கொட்டைச் சாற்றை விட்டுக் குலுக்கி ஒப்பிடுக.