இரு பாதைகள் கூடும் கிம்மாஸ்

ஜொகூர் மாநிலத்திலுள்ள சாஆ பட்டணத்தில் இரயில் நிலையம் இல்லை. இரயிலில் செல்ல விரும்புவோர் அருகிலுள்ள லாபிசுக்கோ பெக்கோக்கிற்கோ போக வேண்டும். அங்கிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பாதை, சிகாமட்டைக் கடந்து நெகிரி செம்பிலானின் எல்லையோரமுள்ள கிம்மாஸை அடைகிறது. கிம்மாஸ் சிறிய ஊர்தான். ஆயினும், தீபகற்ப மலேசியாவின் இரண்டு முதன்மை இரயில் பாதைகள் கூடும் சந்திப்பு நிலையம் அங்குதான் இருக்கிறது.

முதலாவது, மேற்குக்கரைப் பாதை. பாடாங் பெசாரிலிருந்து கோலாலம்பூர் வழியாகத் தெற்கே வரும் இப்பாதை, 1909-ஆம் ஆண்டு ஜொகூர் பாருவை எட்டியது. இரண்டாவது, கிழக்குக்கரைப் பாதை. கிம்மாஸில் பிரியும் இது, பகாங்கின் அடர்ந்த காடுகளினூடே சென்று கிளந்தானின் தும்பாட்டில் முடிகிறது. இப்பாதை 1931-இல் முழுமை பெற்றது.

இரண்டாம் உலகப் போரின்போது கிழக்குக்கரைப் பாதைக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. சயாம்–பர்மா இரயில் பாதையை அமைப்பதற்காக ஜப்பானியர்கள் இதன் தண்டவாளங்களைப் பல இடங்களில் பெயர்த்தெடுத்தனர். தண்டவாளங்கள் மட்டுமா போயின? மலாயாத் தோட்டங்களிலிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அப்பணிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பசியாலும் நோயாலும் மாண்டோர் பலர். பெயர்க்கப்பட்ட தண்டவாளங்களுக்கு ஈடாகப் போருக்குப் பின் புதியவை போடப்பட்டன. போன உயிர்களோ திரும்பவில்லை.

2015-இல் மின்சார இரயில் கிம்மாஸ் வரை வந்தது. அதற்குத் தெற்கே மின்கம்பிகள் இல்லாததால், ஜொகூருக்குச் செல்லும் பயணிகள் அங்கு இறங்கி டீசல் இரயிலுக்கு மாறினர். 2025-இல் மின்சார இரயில் சிகாமட்டிற்கும் பின்னர் குளுவாங்கிற்கும் நீண்டது. தெற்கே செல்வோர் கிம்மாஸில் இறங்கி ஏறவேண்டிய தேவை குறைந்தது.

அப்படியானால், கிம்மாஸின் பணி முடிந்துவிட்டதா? இல்லை. கிழக்குக்கரைப் பாதையில் இன்றும் டீசல் இரயில்களே ஓடுகின்றன. கோலாலம்பூரிலிருந்து மின்சார இரயிலில் வந்து, இப்பாதையில் பகாங்கின் உட்பகுதிகளுக்குச் செல்வோர் கிம்மாஸில்தான் வண்டி மாற வேண்டும். விரைவு இரயிலில் செல்வோருக்கு அது சன்னல்வழியே கடந்துபோகும் ஓர் ஊராக இருக்கலாம். கிழக்கே செல்வோருக்கோ அதுவே பயணத்தின் வாசல்.