டிரம்மின் நடுவில் என்ன சூடு?

கேள்வி: குரங்கணிக்கு மேலே எங்களுக்கு ஏலத்தோடு கொஞ்சம் அராபிகா காப்பியும் இருக்கிறது. வீட்டிலேயே பீர் தயாரிக்கும் தானியங்கி அமைப்பு ஒன்றை வெளிநாட்டு வீடியோவில் பார்த்த என் மகன், அதே மாதிரி 200 லிட்டர் டிரம்மில் ஒன்று செய்தான். பல்ப்பரில் தோல் உரித்த காப்பியை அதில் கொட்டி மூடிப் புளிக்க வைக்கிறோம். வெளிச்சுவரில் ஹீட்டர் பட்டை, அதை ஒட்டி உள்ளே சென்சார், ஒரு ரிலே. 22 டிகிரி வைத்திருக்கிறோம். ஒரு தடவை அருமையாக வருகிறது, அடுத்த தடவை நாற்றமடிக்கிறது. ராத்திரியில் திடீரென்று 85 டிகிரி என்று காட்டி ஹீட்டர் நின்றுவிடுகிறது. எங்கே கோளாறு? இதிலேயே பீரும் போட்டுப் பார்க்கலாமா என்கிறான் மகன்.
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: பீர் வேண்டாம். 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். சொந்த உபயோகத்துக்கு என்றாலும் குற்றம்தான். போடிமெட்டைத் தாண்டினால் கேரளத்தின் அப்காரிச் சட்டம் நிற்கிறது. ஆனால் உங்கள் மகன் பிடித்திருக்கிற வழி நல்ல வழி. அறுவடைக் காலத்தில் மலையில் ராத்திரிக் குளிர் நாளுக்கு நாள் மாறும்போது, புளிப்பை ஒரே சீராக வைக்க இப்படி ஒரு கருவி அவசியம்.

நாற்றத்துக்குக் காரணம், பீருக்குச் செய்த அமைப்பை அப்படியே காப்பிக்குப் போட்டதுதான். பீர் திரவம். சுவரில் சூடு பட்டால் மேலே எழும்பி, சுழன்று, தானாகக் கலந்துகொள்ளும். பசையோடு நெருக்கமாகக் கிடக்கிற காப்பிக் கொட்டை அப்படிப் புரளாது. பட்டையை ஒட்டிய கொட்டை வெந்நீர் பட்டதுபோல் இருக்கும், நடுவில் சில்லென்று கிடக்கும். சென்சாரும் சுவரை ஒட்டியே இருப்பதால் கருவி ஏமாந்துபோகிறது. இதற்கு மேல், புளிப்பு சூடு பிடித்ததும் கொட்டைக் குவியல் தானே வெப்பம் விடும். அப்போது நடுப்பகுதி ஏறிப்போவது சுவரில் இருக்கிற சென்சாருக்குத் தெரியவே தெரியாது. பீரில் நாம் போட்ட ஒரே ஈஸ்ட் வேலை செய்கிறது. காப்பியில் பழத்தோடு வந்த காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் போட்டி போடுகின்றன. சூடு மாறினால் ஜெயிக்கிற ஆளும் மாறும். ஒரு கை கொட்டை கெட்டாலும் மொத்த டிரம்மும் வாடை அடிக்கும்.

சென்சாரை, அடி மூடிய துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குள் விட்டு டிரம்மின் நடு மையத்துக்குக் கொண்டுபோங்கள். கொட்டை மூழ்கும் அளவுக்குச் சுத்தமான தண்ணீர் விடுங்கள். சூடு பரவுவதற்குத் தண்ணீர்தான் துணை. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை, கழுவிய மரத்துடுப்பால் அடிவரை புரட்டுங்கள். ஹீட்டர் பட்டை குறைந்த வாட்டில் இருக்கட்டும். என்னைக் கேட்டால் பட்டையையே கழற்றிவிட்டு, டிரம் நிற்கிற சின்ன அறையின் காற்றை இதமாக்குவேன். சுவர் வேகாது.

அந்த 85 டிகிரி நிஜமான சூடு அல்ல. இந்த வகை அமைப்புகளில் வழக்கமாகப் போடுவது டிஎஸ்18பி20 சென்சார். மின்சாரம் வந்தவுடன், முதல் அளவை எடுப்பதற்கு முன்னால் அதன் நினைவில் இருக்கிற எண்தான் 85. ராத்திரியில் ரிலே இழுக்கும் நொடியில் மின்னழுத்தம் சரிந்து சென்சார் அணைந்து எழுந்திருக்கிறது. "85, அதனால் சூடு போதும்" என்று ஹீட்டரை நிறுத்தியிருக்கிறது புரோகிராம். இதைவிட ஆபத்தானது கம்பி விட்டுப்போனால் வருகிற மைனஸ் 127. அப்போது ஹீட்டர் விடாமல் எரியும். இந்த இரண்டு எண்ணும் வந்தால் தள்ளிவிட்டு, மறுபடி அளந்து, அப்போதும் அதுவே வந்தால் ஹீட்டரை அணைத்து மணி அடிக்கும்படி மகனை எழுதச் சொல்லுங்கள். ரிலேவுக்குத் தனி அடாப்டர் கொடுங்கள். சென்சாரின் டேட்டா கம்பிக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ரிலே அடிக்கடி டக் டக் என்றால் அணைவதற்கும் எரிவதற்கும் இடையில் ஒரு டிகிரி இடைவெளி விடவும்.

மூடியின் காற்றுக்குழாய் மெல்லியதாக இருந்தால் நுரையும் பசையும் அடைத்துக்கொள்ளும். உள்ளே சேரும் கரியமில வாயு மூடியைத் தூக்கி எறியும். விரல் தடிமன் குழாய் போட்டு, டிரம்மில் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் டைமரிடம் விடாதீர்கள். அராபிகாவுக்கு 24 முதல் 36 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு, குளிரில் நீளும். ஒரு பிடி அள்ளி, கழுவி, உள்ளங்கையில் தேயுங்கள். வழவழப்பு போய், ஆற்றுக் கூழாங்கல்போல் நறநறவென்றால் அந்த நிமிடமே தண்ணீரில் அலசிவிட வேண்டும். பி.எச். மீட்டர் வைத்திருந்தால் 4.5 பக்கம் இறங்கும்போதே கை போட்டுப் பார்க்க ஆரம்பியுங்கள். மீட்டரை 4, 7 கரைசல்களில் சரிபார்த்த பிறகுதான் அதன் எண்ணை நம்பலாம். முனையை வெறும் தண்ணீரில் ஊறப்போட்டால் கெட்டுவிடும்.

ஈரக் கையோடு வேலை செய்கிற இடம். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கிற ஆர்சிசிபி போடாமல் இனி ஸ்விட்சைத் தொட வேண்டாம். ஒவ்வொரு டிரம்முக்கும் நடுச்சூடு, நேரம், தேய்த்துப் பார்த்த முடிவு மூன்றையும் நோட்டில் எழுதி வாருங்கள். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த நோட்டோடும் நல்ல டிரம், கெட்ட டிரம் இரண்டின் காய்ந்த காப்பியோடும் போய்க் கேளுங்கள்.