சர்க்கரை வேட்கையும் மீட்சியும் – ஒரு நோக்கு

தோற்றுவாய்

சென்ற கல்வியாண்டில் ஒரு நாள், நம் துறையின் ஆசிரியர் அறையில் தமிழ்ப் பணிக்குத் தொடர்பில்லாத ஒரு கணக்கில் ஈடுபட்டோம். மூத்த பேராசிரியர் ஒருவரின் குருதிச் சோதனை முடிவு அதற்குக் காரணமாயிற்று. மூன்று திங்களின் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் அச்சோதனையில் அவருக்கு 6.2 விழுக்காடு வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருப்பின் அது நீரிழிவின் வாயிலில் நிற்கும் நிலை; 6.5ஐ எட்டினால் உள்ளே நுழைந்தாயிற்று என்பது மருத்துவர் கொள்ளும் வரையறை. இனிப்பைக் குறைக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியபோது, “இனிப்புப் பண்டம் எதனையும் நான் தொடுவதில்லையே!” என்று அவர் வியந்தாராம்.

அவர் கூறியது பொய்யன்று. மிட்டாய்க் கடைப் பக்கம் அவர் செல்வதில்லை. ஆயின் அவர் அருந்தும் தேநீரை எண்ணினோம். வீட்டில் இரண்டு, கல்லூரியில் மூன்று, மாலையில் கடைத்தெருவில் ஒன்று, ஆக ஆறு. ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 4 கிராம் எனக் கொண்டால் நாளொன்றுக்கு 48 கிராம். உலக நல வாழ்வு நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையின்படி, சேர்க்கப்படும் சர்க்கரை நாளின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். 2000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். அதிலும் பாதியாக, 25 கிராமாகக் குறைத்தால் மேலும் நன்று என அந்நிறுவனம் கூறுகிறது. ‘இனிப்பே தொடாத’ நம் பேராசிரியர் தேநீரிலேயே எல்லையை எட்டியிருந்தார். எஞ்சியோரின் கணக்கும் பெருமைப்படத்தக்கதாக இல்லை.

அவர் அன்றே சர்க்கரையை அறவே விட்டார். மூன்றாம் நாள் பிற்பகல் தலைவலியும் எரிச்சலும் மிக, வகுப்பிலிருந்து நேரே தேநீர்க் கடைக்குச் சென்று திரும்பினார். “என் மனவுறுதி இவ்வளவுதானா?” என்று அவர் நம்மிடம் கேட்ட வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

பெயர்கள் வந்த வழி

தமிழ்த் துறையினர் ஒரு பொருளை ஆராயப் புகுந்தால் அதன் பெயரில் தொடங்குவதே முறை. கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் அதியமானின் முன்னோர் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியுள்ளார். கரும்பாலைகளில் புகை சூழ்ந்திருந்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. எனவே இனிப்பு நமக்குப் புதிதன்று. ‘சர்க்கரை’ என்னும் சொல்லோ பருமணலைக் குறித்த ‘சர்க்கரா’ என்னும் வடசொல்லின் வழி வந்தது. அதுவே பாரசீகத்தில் ‘ஷகர்’ எனவும் அரபியில் ‘சுக்கர்’ எனவும் ஆகி, ஐரோப்பிய மொழிகளுக்குள் புகுந்தது. கற்கண்டின் ‘கண்டு’ அரபியில் ‘கந்த்’ ஆகி, ஆங்கிலேயரின் ‘கேண்டி’யில் நிற்கிறது. தென்மாவட்டத்தார் வெள்ளைச் சர்க்கரையைச் ‘சீனி’ என்பது சீன நாட்டை நினைவூட்டும். முதியோர் சிலர் வழங்கும் ‘அஸ்கா’ ஒடிசா மாநிலத்தின் ஆலை ஊர் ஒன்றின் பெயர்.

நெடுங்காலம் அது அரிய பொருளாகவே இருந்தது. அரபு மருத்துவரும் நம் சித்த மருத்துவரும் அதனை மருந்தோடு சேர்த்தனர். செல்வர் விருந்தில் வைத்தனர். அதனை மலிவாக்கியது அமெரிக்கத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பு. அடிமை முறை ஒழிந்தபின் அவ்விடத்தை நிரப்பியோருள் தமிழரும் உளர். 1860ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றது. மருந்துப் பெட்டியில் இருந்த பொருள் தேநீர்க் குவளைக்குள் வந்த வரலாறு இது. இவ்வரலாற்றை ஈண்டு விரிப்பின் பெருகும். மலிவாகி, எங்கும் எந்நேரமும் கைக்கெட்டும் பொருளானதே நம் ஆய்வுக்கு வேண்டுவது.

நோய்க்கும் அதே பெயரை மக்கள் இட்டுவிட்டனர். “அவருக்குச் சர்க்கரை இருக்கிறது” என்றால் அஞ்சலறைப் பெட்டியை எவரும் நினைப்பதில்லை. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய நாடளாவிய ஆய்வொன்று 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்தியாவில் நீரிழிவுடையோர் ஏறத்தாழ 10.1 கோடி என்றும், வாயிலில் நிற்போர் 13.6 கோடி என்றும் அது மதிப்பிட்டது. இவர்கள் அனைவரையும் சர்க்கரைக் கிண்ணமே நோயாளியாக்கியது எனக் கூறுதல் பிழை. மரபு, உடல் எடை, உழைப்பின்மை, தட்டு நிறையச் சோறு ஆகியனவும் பங்காளிகளே.

உடலினுள் நிகழ்வது

நாம் உண்ணும் சர்க்கரை சிறுகுடலில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிரிகிறது. குளுக்கோஸ் குருதியில் கலக்க, கணையம் இன்சுலினைச் சுரந்து அதனை உயிரணுக்களுக்குள் செலுத்துகிறது. ஃபிரக்டோஸ் பெரும்பாலும் ஈரலுக்குச் செல்கிறது. அளவு மிகின் அங்கே கொழுப்பாகிறது.

வேட்கையின் வேர் மூளையில் உள்ளது. இனிப்பு நாவில் பட்டதும் மூளையில் டோபமின் என்னும் பொருள் சுரக்கிறது. இதனை ‘இன்பச் சுரப்பு’ எனப் பலர் எழுதுகின்றனர். ‘மீண்டும் இங்கே வா’ என்று வழியைக் குறித்து வைக்கும் சுரப்பு என்பதே பொருத்தம். நாவோடு செய்தி முடிவதுமில்லை. 2020ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் எலிகளிடம் கண்டது வியப்பானது. இனிப்புச் சுவையை அறிய இயலாத எலிகளும் நாளடைவில் சர்க்கரை நீரையே நாடின. குடலே குளுக்கோஸை அறிந்து, நரம்பின் வழியே மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. சுவை மட்டும் உடைய செயற்கை இனிப்பு அச்செய்தியை அனுப்புவதில்லை. நம் பேராசிரியர் இடையே செயற்கை இனிப்பு மாத்திரைக்கு மாறி, “ஏதோ ஒன்று குறைகிறது” என்று குறைபட்டுக் கொண்டதன் காரணம் இதுவாகலாம். உடல் எடையைக் கட்டுப்படுத்தச் செயற்கை இனிப்புகளை நாட வேண்டா என உலக நல வாழ்வு நிறுவனமும் 2023இல் கூறிவிட்டது.

அடிமைத்தனம் எனலாமா?

இவ்வினாவில் அறிஞர் இருபாற்பட்டனர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பார்ட் ஹோபல், நிக்கோல் அவினா முதலியோர் எலிகளை நாளில் 12 மணி நேரம் உணவின்றி வைத்து, பின்னர் உணவோடு சர்க்கரைக் கரைசலும் அளித்தனர். சில வாரங்களில் அவை கரைசல் வந்தவுடன் மிகுதியாகக் குடிக்கலாயின. அபினின் செயலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது பற்கள் கிட்டி நடுங்கின. சர்க்கரைக்கு அடிமையாதல் உண்டு என்பதற்கான சான்றுகளை அவர்கள் 2008ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்டனர். ‘கள்ளும் சர்க்கரையும் ஒன்றே’ என்று பேசுவோர் பெரிதும் இதனையே காட்டுவர்.

ஆனால் சர்க்கரைக் கரைசல் நாள் முழுவதும் தடையின்றிக் கிடைத்த எலிகளிடம் அக்குறிகள் தோன்றவில்லை. 2016ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதனையே எடுத்துக்காட்டி, எலிகளை அவ்வாறு ஆக்கியது சர்க்கரை என்னும் பொருளன்று, பட்டினியும் இடையிட்டுக் கிடைத்தலும் கலந்த அம்முறையே என வாதிட்டனர். மனிதரிடம் சான்று போதாது என்றும் கூறினர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டிலும் சர்க்கரை அடிமைத்தனம் ஒரு நோயாக இடம்பெறவில்லை.

இரண்டாம் சாராரின் கருத்தே நமக்கு ஏற்புடையது. இக்கட்டுரையின் தலைப்பில் ‘வேட்கை’ என்ற சொல்லை வைத்ததும் அதனாலேயே. ஒருவரை அடிமை என்று அழைத்தால், அவர் தம்மையே நோவார்; அல்லது விதியென்று கைவிடுவார். வேட்கை மணிக்கும் இடத்திற்கும் கட்டுண்டது என்று காட்டினால், அவிழ்க்க வேண்டிய முடிச்சு எதுவென அவருக்குப் புலப்படும்.

நோன்பு மாதம் இதற்குச் சான்று. மூன்றாம் நாள் தோற்ற அதே பேராசிரியர், அம்மாதத்தில் வைகறை முதல் அந்தி வரை ஒரு துளித் தேநீரும் இன்றி வகுப்பெடுக்கிறார். முதல் இரண்டு மூன்று நாள் தலைவலி உண்டு. அதற்குப் பெரிதும் காரணம் தேயிலையின் காஃபின். அதன்பின் பிற்பகல் மூன்று மணி அவரை அழைப்பதில்லை. அவரிடம் உறுதி இல்லை என்று எவ்வாறு கூறுவது? அவரைச் சுற்றி எவரும் குவளையை நீட்டாத சூழல் அவருக்கு அப்போது வாய்த்தது. ஆயின் நோன்பு திறக்கும் வேளையில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் போதாவென்று, சர்பத்தும் ரோஸ்மில்க்கும் எண்ணெயில் பொரித்த இனிப்புகளும் விரிப்பில் நிறைகின்றன. பகலில் விட்டதை ஒரு மணி நேரத்தில் ஈடு செய்துவிடுகிறோம். பழியை நோன்பின் மேல் ஏற்ற இயலாது. விரிப்பை நிரப்புபவர் நாம்.

ஒரு நாடு முழுவதும் இவ்வாறு சூழலுக்கு ஆட்பட்டதும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் பங்கீடு பிரிட்டனில் சர்க்கரைக்கு 1953 செப்டம்பர் வரை நீடித்தது. அது நீங்கியதும் சராசரி நுகர்வு நாளுக்கு ஏறத்தாழ 40 கிராமிலிருந்து 80 கிராமாக ஏறியது. மக்களின் குணம் ஓராண்டில் மாறியிராது. மாறியது கடையின் அடுக்கு. கருவிலும் முதலிரண்டு வயதிலும் அப்பங்கீட்டுக்குள் வளர்ந்தோர்க்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்திருந்ததென 2024ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. தாய்மார் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இது.

மீளும் வழி

நாம் மேற்கொண்ட முறை மிக எளியது. முதல் வாரம் எதனையும் குறைக்கவில்லை. எழுதி மட்டும் வைத்தோம். எப்போது, எங்கே, யாருடன், எத்தனை கரண்டி என்பன. நால்வரில் மூவருக்குப் பிற்பகல் மூன்றாம் மணித் தேநீர் பசியால் வந்ததாக இருந்தது. காலையுணவை விரைவில் விழுங்கியதன் விளைவு. அவ்வேளையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சுண்டலோ வந்தபின் இரண்டாம் குவளை தானே நின்றது.

அடுத்து, இரண்டு வாரத்திற்கு அரைக் கரண்டி வீதம் தேநீரில் குறைத்தோம். நா கற்றுக்கொள்ளும் உறுப்பு. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையம் சிலருக்கு மூன்று திங்கள் சர்க்கரை குறைந்த உணவளித்து ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டது. மூன்றாம் திங்களில் அவர்கள் அதே இனிப்புக் களியை முன்னிலும் தித்திப்பாக உணர்ந்தனர். ஆயின் கட்டுப்பாடு நீங்கியதும் பழைய அளவுக்கே திரும்பினர் என்பதையும் அவ்வாய்வு மறைக்கவில்லை. நா மாறினாலும் வீட்டு அலமாரி மாறாவிடில் பயன் நிலைக்காது. ஆகவே கல்லூரி அறைக்கு வரும் தேநீரில் சர்க்கரையைக் கலக்காமல் தனியே கிண்ணத்தில் வைக்கச் சொன்னோம். கலந்து வருவதைக் குடிப்பதற்கும், எழுந்து சென்று தாமே கரண்டியால் அள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு செய்து பார்த்தார்க்கே தெரியும்.

புட்டிப் பானங்களில் படிப்படியாகக் குறைத்தல் வேண்டா. அறவே விடுதல் நன்று என்பது நம் கருத்து. 100 மில்லி லிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை உடைய பானத்தை அருந்துவோர் அளவை உணர்வதேயில்லை. வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவற்றுக்கு மாறிவிட்டோம் என மகிழ்வோரும் பலர். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். தேனையும் பிழிந்த பழச்சாற்றையும்கூட உலக நல வாழ்வு நிறுவனம் அக்கணக்கிலேயே சேர்க்கிறது. பழத்தை முழுதாக உண்ணுதல் வேறு.

விடுதி மாணவர்க்கு ஒன்று. தேர்வுக் காலத்தில் இரவெல்லாம் விழித்திருந்து இனிப்பு பிஸ்கட்டைத் தின்பது வழக்கம். 2004ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 12 இளைஞரை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே உறங்கச் செய்தனர். பசியைத் தூண்டும் சுரப்பு 28 விழுக்காடு கூடியது. நிறைவைத் தரும் சுரப்பு 18 விழுக்காடு குறைந்தது. இனிப்பின் மேல் நாட்டம் மிகுந்தது. உறக்கம் இழந்தவன் நாவோடு போராடுவது வீண்.

விருந்தோம்பல் பண்பே இதில் கடினமான பகுதி. “ஒரு நாளைக்கு என்ன ஆகிவிடும், குடியுங்கள்” என்னும் அன்புச் சொல்லை மறுப்பது நம்மவர்க்கு அரிது. மறுத்தால் வீட்டார் முகம் வாடும். சர்க்கரையைக் குறைக்க முயல்பவரை வற்புறுத்தாமை விருந்தளிப்பவரின் கடமை என நம் இல்லங்களில் இன்னும் உணரப்படவில்லை. திருமண வீட்டில் ஒரு கரண்டிப் பாயசம் உண்டதற்காக எல்லாம் கெட்டதென மறுநாளே பழைய வழக்கத்துக்குத் திரும்புவோரையும் கண்டோம். மறுநாள் காலைத் தேநீரில் அதே அரைக் கரண்டி இருந்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இன்சுலின் இட்டுக்கொள்வோரும், குருதிச் சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் உணவை மாற்றுதல் கூடாது. திடீரென வியர்த்து, நடுங்கி, தலை சுற்றுமாயின் அவர்க்கு அப்போது சர்க்கரையே மருந்து. அதனை அவர்தம் சட்டைப் பையில் வைத்திருத்தல் வேண்டும்.

நம் பேராசிரியர் இப்போது நாளுக்கு மூன்று தேநீர் அருந்துகிறார். ஒவ்வொன்றிலும் அரைக் கரண்டி. கடைத்தெருத் தேநீரை அவர் விடவில்லை. அங்கே அமர்ந்து செய்தித்தாள் படிப்பதை விட இயலாது என்கிறார். முதல் இரண்டு வாரம் “சீனி கம்மி” என்று நாள்தோறும் சொல்ல வேண்டியிருந்தது. இப்பொழுது அவர் தெருமுனையில் தோன்றும்போதே கடைக்காரர் கரண்டியைப் பாதி சாய்த்துவிடுகிறார். அவருடைய அடுத்த சோதனை வரும் திங்களில்.