சி.எஃப்.ஏ. சார்ட்டர்: தருவது எது, தராதது எது?

பி.காம். இறுதியாண்டு மாணவர்களும், ஐ.டி. வேலையில் ஐந்தாறு வருடம் ஓட்டிவிட்டு நிதித்துறைக்கு மாற நினைப்பவர்களும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சி.எஃப்.ஏ. பண்ணலாமா?" இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. கேட்பவர் மனதில் ஏற்கெனவே பதிந்துபோன சில நம்பிக்கைகளைத் திருத்தாமல் எந்தப் பதில் சொன்னாலும் அது தப்பாகத்தான் போய்ச் சேரும். இந்தத் தேர்வில் ஒரு லெவலுக்குப் பதிவுக் கட்டணமே ஆயிரம் டாலரை ஒட்டியோ அதைத் தாண்டியோ வருகிறது. அப்படி மூன்று லெவல்கள். கடன் வாங்கிக் கட்டுகிற குடும்பங்களும் உண்டு. அதனால் மழுப்பாமல் பேசிவிடுவது நல்லது.

சி.எஃப்.ஏ. (சார்ட்டர்டு ஃபைனான்ஷியல் அனலிஸ்ட்) என்பது முதலீட்டுப் பகுப்பாய்வுக்கும் முதலீட்டு நிர்வாகத்துக்குமான தொழில்முறைத் தகுதி. நடத்துவது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், சார்லட்ஸ்வில் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சி.எஃப்.ஏ. இன்ஸ்டிடியூட். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல் பங்கு ஆய்வாளருக்கும் ஒரு தொழில்தகுதி வேண்டும் என்று 1940-களிலேயே வாதாடியவர் அமெரிக்க முதலீட்டாளர் பெஞ்சமின் கிரகாம். முதல் தேர்வு 1963-இல் நடந்தது. எழுதியவர்கள் 284 பேர். இன்று உலகெங்கும் இரண்டு லட்சம் பேருக்குக் குறையாமல் இந்தத் தகுதிச் சான்றை, அதாவது சார்ட்டரை, வைத்திருக்கிறார்கள். சென்னையிலும் கொழும்பிலும் உட்கார்ந்தே தேர்வு எழுதலாம்.

"சி.எஃப்.ஏ. முடித்தால் எந்தப் பங்கு ஏறும் என்று தெரிந்துவிடும்." இருக்கிற நம்பிக்கைகளிலேயே ஆழமாக வேரூன்றியது இதுதான், அதிகச் சேதம் செய்வதும் இதுதான். பாடத்திட்டமே இதற்கு எதிரானதைச் சொல்லிக்கொடுக்கிறது. சந்தையில் கிடைக்கும் தகவல்கள் விலையில் எவ்வளவு வேகமாகக் கலந்துவிடுகின்றன, அதை மீறி லாபம் பார்ப்பது ஏன் கடினம் என்பதெல்லாம் லெவல் ஒன்றிலேயே வருகிறது. நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஷார்ப் 1991-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையின் வாதம் இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த ஒன்று. முதலீட்டாளர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் சந்தை. குறியீட்டைப் பின்பற்றுபவர்களுக்குச் சந்தையின் வருமானம் கிடைக்கிறது என்றால், மீதி இருக்கும் தேர்ந்தெடுத்து வாங்குபவர்களின் சராசரியும் செலவுக்கு முன் அதே சந்தை வருமானமாகத்தான் இருந்தாக வேண்டும். ஃபண்ட் மேனேஜர் சம்பளம், தரகு, நிர்வாகச் செலவு எல்லாவற்றையும் கழித்தால் சராசரி கீழே போகிறது. வெறும் கூட்டல் கழித்தல்தான், மறுக்க வழியில்லை. சிலர் சந்தையை வெல்வார்கள். ஆனால் வெல்லப்போகிறவர் யார் என்று பெயருக்குப் பின்னால் இருக்கும் மூன்றெழுத்து சொல்லிவிடாது.

அப்படியானால் இதில் படிப்பதென்ன? ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, லாபம் ஏறுகிறது, ஆனால் செயல்பாட்டில் இருந்து வரும் பணம் குறைகிறது, அது ஏன் என்று கேட்கப் படிக்கிறோம். விற்பனையைவிட வரவேண்டிய பாக்கி வேகமாக வளர்ந்தால் அங்கே நின்று பார்க்கப் பழகுகிறோம். வட்டி விகிதம் ஒரு சதவீதம் ஏறினால் ஒரு கடன் பத்திரத்தின் விலை ஏறத்தாழ எவ்வளவு இறங்கும் என்று கணக்கிடக் கற்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, யாருடைய பணம் இது, அவருக்கு அது எப்போது வேண்டும், எவ்வளவு நஷ்டத்தை அவரால் தாங்க முடியும் என்பதில் இருந்து தொடங்கக் கற்கிறோம். லெவல் மூன்று முழுக்க இதைச் சுற்றியே நிற்கிறது. ஓய்வூதியம் இல்லாமல் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியருக்கும், இருபத்தெட்டு வயதில் மாதச் சம்பளம் வாங்கும் அவருடைய மகளுக்கும் ஒரே பங்கைப் பற்றி இரண்டு வெவ்வேறு சரியான பதில்கள் இருக்கின்றன. "என்ன வாங்கலாம்?" என்று மட்டும் கேட்கும் ஒருவருக்கு இந்தப் படிப்பு பெரிய ஏமாற்றமாக இருக்கும். "யாருக்காக வாங்குகிறோம்?" என்று கேட்கத் தயாரானவருக்கு இதைவிட நல்ல பயிற்சி குறைவு.

அடுத்தது, "முடித்ததும் வேலை நிச்சயம்." இன்ஸ்டிடியூட் யாரையும் வேலையில் அமர்த்துவதில்லை. சார்ட்டர் உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கவைக்கும். நேர்முகத்தில் உங்களுக்காகப் பேசாது. நம் பக்கத்து நிலவரத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவின் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களில் பெரும்பாலானவை மும்பையில் இருக்கின்றன. சென்னையில் சுந்தரம் போல் ஒன்றிரண்டு உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஆய்வு உதவி செய்யும் அலுவலகங்கள் உண்டு. ஃபண்ட் மேனேஜர் நாற்காலிகள் நாடு முழுவதும் சேர்த்தே சில நூறுதான். படிப்பவர்களில் பெரும்பான்மையினர் போய்ச் சேருவது ஆய்வு, கடன் தர மதிப்பீடு, இடர் மேலாண்மை, செல்வ மேலாண்மை, நிறுவனங்களின் நிதிப் பிரிவு போன்ற இடங்களுக்கு. அவை நல்ல வேலைகள். அந்த வேலைகளை மனதில் வைத்துப் படிப்பவர் ஏமாறுவதில்லை.

சி.ஏ.வோடு ஒப்பிட்டு "இரண்டில் எது பெரியது?" என்று கேட்பதிலும் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. சி.ஏ. முடித்துத் தொழில் செய்பவருக்குச் சட்டம் ஓர் அதிகாரம் தருகிறது: கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போடும் அதிகாரம். சி.எஃப்.ஏ.வுக்கு அப்படி எந்தத் தனியுரிமையும் கிடையாது. இந்தியாவில் கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்லத் தொழில் தொடங்கினால் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2013-ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளின்படி பதிவு வேண்டும். ஆய்வறிக்கை வெளியிடும் தொழிலுக்கு 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. என்.ஐ.எஸ்.எம். என்ற பங்குச் சந்தைக் கல்வி நிறுவனம் அவற்றுக்கென்று நடத்தும் தேர்வுகளில் தேறியிருக்க வேண்டும். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தராக வேண்டுமானாலும் அதற்கென்று தனி என்.ஐ.எஸ்.எம். தேர்வு, பிறகு மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி தரும் ஏ.ஆர்.என். பதிவு எண். உங்கள் ஊரில் ஆலோசகராக உட்கார்ந்து நாலு குடும்பங்களின் சேமிப்புக்கு வழிகாட்டுவதுதான் ஆசை என்றால், சில ஆயிரம் ரூபாயில் முடியும் என்.ஐ.எஸ்.எம். தேர்வுகளில் இருந்து தொடங்குங்கள். சி.எஃப்.ஏ. அதன்மேல் வரலாம்; அதற்கு மாற்றாக வராது.

இனி நான் அதிகம் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். "எதிக்ஸ் (தொழில்நெறி) பகுதி சும்மா பொது அறிவு, கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம்." இப்படிச் சொல்லிக்கொடுக்கும் சீனியர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். லெவல் ஒன்றில் 15 முதல் 20 சதவீதம் வரை எதிக்ஸ். அடுத்த இரண்டு லெவல்களிலும் 10 முதல் 15 சதவீதம். மூன்று லெவலிலும் விடாமல் தொடரும் பகுதி இது. மதிப்பெண்ணுக்காக இதைச் சொல்லவில்லை. இந்தத் தொழில் கெட்டுப்போன ஒவ்வொரு முறையும் கெட்டது இந்த இடத்தில்தான்.

2003-இல் அமெரிக்காவில் பத்து பெரிய முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 140 கோடி டாலர் கட்டி ஒழுங்குமுறையாளர்களோடு சமரசம் செய்துகொண்டன. புகார் என்ன? கம்பெனிகளின் பங்கு வெளியீட்டு வேலையை வாங்குவதற்காக, அதே கம்பெனிகளைப் பற்றிச் சாதகமான ஆய்வறிக்கைகள் எழுதப்பட்டன என்பது. இணையப் பங்குகளின் நட்சத்திர ஆய்வாளராக இருந்த ஹென்றி பிளாட்ஜெட், வெளியே பரிந்துரைத்த பங்குகளையே உள்ளுக்குள் மின்னஞ்சல்களில் இகழ்ந்தார் என்று குற்றம் சாட்டப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 40 லட்சம் டாலர் கட்டி, அந்தத் துறையில் வாழ்நாள் தடையை ஏற்றுக்கொண்டார். இது கணக்குத் தெரியாததால் வந்த வினை அல்ல. அந்த அறிக்கைகளை நம்பிச் சேமிப்பைப் போட்ட சாதாரண மக்களுக்கு ஆய்வாளர் யாருக்காக வேலை செய்கிறார் என்று தெரியவே வழியில்லாமல் போனது.

அதனால்தான் எதிக்ஸ் கேள்விகள் நல்லது, கெட்டது என்று எளிதாகப் பிரிவதில்லை. ஓர் உதாரணம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையைப் பார்க்க ஓர் ஆய்வாளர் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஷிஃப்டும் ஓடுகிறது. வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. பஞ்சு விலை இறங்கியிருப்பது ஊருக்கே தெரியும். இவற்றையெல்லாம் கோத்து, காலாண்டு நன்றாக இருக்கும் என்று அவர் முடிவுக்கு வரலாம். அது அவர் உழைப்பு. யாரும் குறை சொல்ல முடியாது. தேநீர் குடிக்கும்போது நிதிப் பிரிவுத் தலைவர், "அடுத்த வாரம் ரிசல்ட் சார், லாபம் இரண்டு மடங்கு" என்று சொல்லிவிட்டால்? அந்த நிமிடத்தில் இருந்து அவர் கை கட்டப்பட்டுவிட்டது. தானும் வாங்கக் கூடாது, வாடிக்கையாளருக்கும் சொல்லக் கூடாது. அந்தத் தகவலைக் கம்பெனியே வெளியிடும்படி முயல வேண்டும், தன் நிறுவனத்தின் கண்காணிப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். செபியின் 2015-ஆம் ஆண்டு உள்வணிகத் தடை விதிமுறைகளும் இதே எல்லைக்கோட்டைத்தான் காக்கின்றன. சி.எஃப்.ஏ. நெறிமுறை இன்னொன்றும் சொல்கிறது: உள்ளூர்ச் சட்டமும் நெறிமுறையும் வேறுபட்டால் இரண்டில் கண்டிப்பானதைப் பின்பற்ற வேண்டும். "நம்ம ஊரில் இதெல்லாம் சகஜம்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. இந்த ஒரு விதிக்காகவே இந்தப் படிப்பை நான் மதிக்கிறேன்.

சில நம்பிக்கைகளைச் சுருக்கமாகவே முடிக்கலாம். "70 சதவீதம் எடுத்தால் பாஸ்" என்பது ஊகம். ஒவ்வொரு தேர்வுக்கும் தேர்ச்சிக் கோடு தனியாக முடிவு செய்யப்படுகிறது. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் இல்லை. அதனால் எந்தக் கேள்வியையும் விட்டுவிட்டு வர வேண்டாம். "எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம்" என்பதும் இப்போது சரியல்ல: ஒரு லெவலுக்கு மொத்தம் ஆறு முயற்சிகள், ஆண்டுக்கு அதிகபட்சம் இரண்டு.

தோல்வியைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் லெவல் ஒன்று எழுதியவர்களில் தேறியது 22 சதவீதம். வழக்கமாக அந்த லெவலில் நூற்றுக்கு நாற்பது பேரை ஒட்டித் தேறுகிறார்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் முதல் மதிப்பெண் வாங்கிப் பழகிய பிள்ளைகள் முதல் தோல்வியில் நொறுங்கிப்போகிறார்கள். வீட்டாரும் சேர்ந்து நொறுக்குகிறார்கள். இந்தத் தேர்வில் ஒருமுறை தோற்பது பெரும்பான்மையோடு நிற்பதுதான் என்று பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

"கணக்கில் புலியாக இருக்க வேண்டும்" என்பது பலரைத் தேவையில்லாமல் விரட்டுகிறது. பணத்தின் காலமதிப்பு, நிகழ்தகவு, சராசரி, விலகல், பின்னடைவுப் பகுப்பாய்வு: இவைதான் அடிப்படை. நுண்கணிதம் தேவையில்லை. அனுமதிக்கப்பட்ட கால்குலேட்டர்கள் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பி.ஏ. டூ பிளஸ், எச்.பி. 12சி என்ற இரண்டு வகை மட்டும். அதில் விரல் பழகினால் பாதி பயம் போய்விடும். நம் பிள்ளைகளுக்கு உண்மையான தடை வேறு: ஆங்கிலத்தில் வேகமாகப் படிப்பது. தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். லெவல் இரண்டில் கேள்விகள் தனித்தனியாக வருவதில்லை. நீண்ட ஒரு நிகழ்வு விவரத்தைப் படித்து, அதை ஒட்டிய கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். லெவல் மூன்றில் சில விடைகளைச் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களால் முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. எளிய ஆங்கிலம்தான், அலங்காரம் தேவையில்லை. ஆனால் தினமும் ஒரு நிதிச் செய்தித்தாளை ஆங்கிலத்தில் படிக்கும் பழக்கத்தை லெவல் ஒன்றுக்குப் பதிவு செய்வதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்கிவிட வேண்டும். கோச்சிங் மையங்கள் விளம்பரத்தில் இதைச் சொல்வதில்லை.

கோச்சிங் என்றதும் இன்னொன்று. முழுப் பாடமும் பயிற்சிக் கேள்விகளும் மாதிரித் தேர்வுகளும் பதிவுக் கட்டணத்திலேயே அடக்கம். கூடுதலாக ஒரு லட்சம் செலவழிக்காமல் தேறியவர்கள் நிறையப் பேர். ஒரு லெவலுக்குச் சுமார் 300 மணி நேரம் படிக்க வேண்டியிருக்கும் என்று இன்ஸ்டிடியூட் சொல்கிறது. அந்த நேரத்தை எந்த மையமும் உங்களுக்காகச் செலவழிக்க முடியாது. கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு உதவித்தொகை இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்காமல் கடன் வாங்காதீர்கள்.

கடைசியாக, "மூன்று பரீட்சை முடிந்தால் சார்ட்டர் கைக்கு வந்துவிடும்." வராது. முதலீட்டு முடிவுகளோடு தொடர்புள்ள வேலையில் 4,000 மணி நேரம், குறைந்தது 36 மாதங்கள் உழைத்திருக்க வேண்டும்; பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். அந்த அனுபவம் தேர்வுகளுக்கு முன்போ, நடுவிலோ, பின்போ சேரலாம். விசிட்டிங் கார்டில் இருக்கும் பதவிப் பெயரைப் பார்க்க மாட்டார்கள்; செய்யும் வேலை ஒரு முதலீட்டு முடிவுக்கு உதவுகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு வங்கிக்காக இடர் அளக்கும் மென்பொருளைக் கட்டும் ஐ.டி. ஊழியருக்கும் இதனால் வழி திறந்திருக்கிறது. சார்ட்டர் கிடைக்கும்வரை பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளைப் போடுவது, லெவல் எண்ணைச் சேர்த்துப் போட்டாலும், விதிமீறல். "இரண்டாவது லெவல் தேறியிருக்கிறேன்" என்று விவரத்தில் எழுதலாம், அது உண்மை. சார்ட்டர் கிடைத்த பின்னும் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி, தன் மீது புகாரோ வழக்கோ உண்டா என்று அறிக்கை தர வேண்டும்.

பதிவு செய்யலாமா என்று இன்னும் தயங்குபவர்களுக்கு, காசு செலவில்லாத ஒரு சோதனை. இன்ஸ்டிடியூட்டின் நெறிமுறைக் கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு விதிக்கும் கீழே உதாரண நிகழ்வுகள் இருக்கும். அதில் முப்பது நாற்பதைப் படியுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு கம்பெனியின் (வீட்டில் பயன்படுத்தும் பொருளைச் செய்யும் கம்பெனியாக இருந்தால் நல்லது) ஆண்டறிக்கையை என்.எஸ்.இ. தளத்தில் இருந்து இறக்கி, கணக்குகளின் அடிக்குறிப்புகள்வரை ஒரு மாதத்தில் படித்து முடிக்கப் பாருங்கள். இருபதாம் பக்கத்திலேயே அலுத்துவிட்டால் பதிவுக் கட்டணத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள். போன வருட அறிக்கையையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றினால் லெவல் ஒன்றுக்குப் பதிவு செய்யுங்கள்.