குற்றம் தன்னுடையதாக இருக்கும்போது

அன்புள்ள மருமகளுக்கு,

1982 செப்டம்பர் இறுதியில் சிகாகோ வட்டாரத்தில் டைலினால் என்ற வலி மாத்திரையை விழுங்கிய ஏழு பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். கடைகளில் இருந்த குப்பிகளின் கேப்சூல்களுக்குள் யாரோ சயனைடு கலந்து வைத்திருந்தது தெரியவந்தது. தயாரிப்பாளரான ஜான்சன் அண்ட் ஜான்சன் விளம்பரங்களை நிறுத்தியது. பொதுமக்கள் கேட்டறியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் கொடுத்தது. அக்டோபர் 5 அன்று நாடு முழுவதும் சுமார் 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றின் சில்லறை விலை மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல். சில வாரங்களில், பிரித்தால் தெரிந்துவிடும் மூன்றடுக்கு முத்திரையோடு மருந்து மீண்டும் கடைக்கு வந்தது. நெருக்கடிகால மக்கள் தொடர்பு பற்றிய பாடநூல்களில் இந்தக் கதை தவறாமல் இடம்பெறும்.

அவற்றில் பல விரிவாகச் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. ஆலையில் சயனைடே கிடையாது என்று நிறுவனம் முதலில் நிருபர்களிடம் சொன்னது. விசாரித்தபோது, தரப் பரிசோதனைக்காகச் சிறிதளவு வைத்திருப்பது தெரிந்தது. கொலைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தும் நிறுவனம் தன் கூற்றைத் திருத்திக்கொண்டது. நிருபர்கள் அதைத் தாமாகவே தோண்டி எடுத்து வெளியிட்டிருந்தால், அதன் பிறகு நிறுவனம் சொன்ன எதையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இதே நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டுக் கதை அவ்வளவு பிரபலமில்லை. டைலினால் தயாரித்த அதே துணை நிறுவனமான மெக்நீல், மோட்ரின் என்ற இன்னொரு வலி மாத்திரையின் ஒரு பகுதி சரியாகக் கரையவில்லை என்பதைக் கண்டறிந்தது. திரும்பப் பெறுகிறோம் என்று அறிவிக்காமல், ஒப்பந்த ஆட்களைக் கடை கடையாக அனுப்பி, சாதாரண வாடிக்கையாளர்போல் நடந்துகொண்டு சரக்கை வாங்கிவரச் சொன்னது. அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதைத் துருவி விசாரித்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் தலைவர் வில்லியம் வெல்டன் அந்தக் குழுவின் முன் வந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எளியது. 1982இல் நஞ்சு கலந்தது வெளியாள் என்றே கருதப்பட்டது. நிறுவனமும் பாதிக்கப்பட்ட தரப்பு. 2009இல் பழுது சொந்த ஆலையினுடையது. பிறர் செய்த குற்றத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதற்குப் பணம் செலவாகும், அவ்வளவுதான். தன் குற்றத்தைப் பற்றிப் பேசும்போதுதான் வழக்கு, பங்கு விலை, பதவி எல்லாம் கண்முன் வந்து நிற்கின்றன. மக்கள் தொடர்பு அதிகாரியின் தரம் உரைத்துப் பார்க்கப்படுவது அங்கேதான்.

ஆகவே அறிக்கையின் நடையழகு இரண்டாம்பட்சம். முடிவு எடுக்கும் மேசையில் மக்கள் தொடர்புத் துறைக்கு நாற்காலி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. எல்லாம் முடிவான பிறகு கூப்பிட்டு 'நல்லதா ஒண்ணு எழுதிக் கொடுங்க' என்றால், எழுதுபவர் கையில் மிஞ்சுவது மழுப்பல்தான். சட்டப்பிரிவு 'வாயைத் திறக்க வேண்டாம்' என்று சொல்லும். வழக்கை நினைத்து அது அப்படிச் சொல்வதில் தவறில்லை. ஆனால் முதல் சில மணி நேரத்துக்குள் மூன்று விஷயங்களைச் சொல்வதற்கு பெரும்பாலும் எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது: இதுவரை உறுதியாகத் தெரிந்தது, இன்னும் தெரியாதது, அடுத்த தகவல் எப்போது வரும் என்பது. காரணத்தை ஊகிக்கக் கூடாது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத் தொலைக்காட்சியிலிருந்து செய்தி போய்ச் சேரக் கூடாது.

இந்தியாவில் 2015இன் மேகி நூடுல்ஸ் விவகாரம் வேறொரு கோணம். காரீயம் அளவு மீறி இருப்பதாக ஆய்வு சொன்னது; ஜூன் 5 அன்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. ஆய்வுக்கூடங்களின் அங்கீகாரம் உட்படப் பல குறைகளைச் சுட்டிக்காட்டியது. தயாரிப்பாளரான நெஸ்லே சட்டப்படி தப்பியது. ஆனால் மே மாதம் தாய்மார்கள் பயந்துகொண்டிருந்தபோது, பாதுகாப்பானது என்ற ஒரு வரிக்கு மேல் அதனிடமிருந்து அதிகம் வரவில்லை. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது பேசாமல் இருப்பதற்குக் காரணமாகாது.

ஊடகங்களோடு உள்ள உறவு நெருக்கடிக்கு முன்பே அமைந்துவிடுகிறது. செய்தியாளர் சந்திப்பில் 'கவர்' நீட்டுவதும், விளம்பரத்தைச் செய்தி வேடத்தில் அச்சேற்றுவதும் நம் ஊரில் புதிதல்ல. காசுக்குச் செய்தி போடும் இந்த வழக்கம் பற்றி 2010இல் இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் துணைக்குழு அறிக்கையே தயாரித்தது. அப்படி வாங்கிப் பழகிய நிறுவனம் உண்மையையே சொன்னாலும், அதுவும் வாங்கிய செய்திதான் என்று வாசகர் ஒதுக்கிவிடுவார்.

பதில் சொல்ல மறுக்கும் உரிமை மக்கள் தொடர்பு அதிகாரிக்கு உண்டு. பொய் சொல்லும் உரிமை கிடையாது. நிர்வாகம் பொய்யை அறிக்கையாக்கச் சொன்னால், முதலில் அறையை மூடிக்கொண்டு நேரில் மறுக்க வேண்டும்; கேட்கவில்லையென்றால் அந்த மறுப்பை மின்னஞ்சலில் எழுத்தாக்க வேண்டும். எழுத்தில் வந்த மறுப்பைப் பார்த்ததும் பல மேலாளர்கள் அந்த யோசனையைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடுவார்கள். கைவிடாத இடத்தில் வேலையை விடுவது பற்றி வீட்டில் பேசி வைத்திருப்பது நல்லது.

அன்புடன்,
மாமா